பெஞ்ச் பவர் சப்ளையில பேட்டரி சார்ஜ் பண்றதும் டிஸ்சார்ஜ் பண்றதும்: கொஞ்சம் விரிவாவே சொல்றேன்

தம்பி கேட்டது இதுதான்: 30 வோல்ட் 10 ஆம்ப் பெஞ்ச் பவர் சப்ளை (வோல்ட்டேஜும் கரண்ட் லிமிட்டும் நாமளே திருப்பி வைக்கற டேபிள் சப்ளை) ஒண்ணு புதுசா வாங்கியிருக்கார், கையில யுபிஎஸ்ல இருந்து கழட்டின 12 வோல்ட் 7ஏஎச் (ஆம்ப்-அவர், அதாவது கெபாசிட்டி) லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணும் பழைய லேப்டாப் பேட்டரிய பிரிச்சு எடுத்த 18650 செல்லு (உருளையா இருக்கற லித்தியம் செல்) கொஞ்சமும் இருக்கு, இதையெல்லாம் அந்த சப்ளையிலயே சார்ஜ் பண்ணலாமா, அதையே வச்சு டிஸ்சார்ஜ் பண்ணி கெபாசிட்டி பாக்கலாமா, நைட்டு போட்டுட்டு தூங்கலாமா. சார்ஜ் பண்ணலாம், நல்லாவே பண்ணலாம். டிஸ்சார்ஜ் அந்த சப்ளையால முடியாது, அதுக்கு வேற ஏற்பாடு வேணும். தூங்குறது எந்த பேட்டரி, எந்த வோல்ட்டேஜ்ங்கிறத பொறுத்தது, அத கடைசியில சொல்றேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கணும். சார்ஜர் வேற, பவர் சப்ளை வேற. சார்ஜர் மூணு வேலை செய்யும்: கரண்ட்ட ஒரு அளவுக்கு மேல போக விடாது, வோல்ட்டேஜ்ஜ ஒரு அளவுக்கு மேல ஏற விடாது, நேரம் வந்ததும் தானா நிறுத்தும். உங்க சப்ளை முதல் ரெண்டையும் பல கடை சார்ஜரை விட சுத்தமா செய்யும், மூணாவது வேலை அதுக்கு தெரியவே தெரியாது. எதிர்ல இருக்கறது பேட்டரியா, பல்பா, மோட்டாரா, உள்ள செல் ஷார்ட் ஆயிருக்கா, சூடாகுதான்னு எதுவும் அதுக்கு தெரியாது. அந்த மூணாவது வேலைய நீங்க செய்யணும், இல்லன்னா உங்களுக்கு பதிலா செய்யற ஒரு பொருள வாங்கி நடுவுல வைக்கணும். பேட்டரி வெடிச்சது, சப்ளை புகைஞ்சதுன்னு கேள்விப்படுற கதையில பாதிக்கு மேல இந்த ஒரு இடத்துலதான் ஓட்டை இருக்கும்.

அடுத்தது, சப்ளை பழகின லோடு எல்லாம் சும்மா இருக்கற லோடு. நீங்க கொடுத்தா வாங்கிக்கும், ஆஃப் பண்ணா அடங்கிடும். பேட்டரி அப்படி இல்ல, சப்ளை ஆஃப்ல இருந்தாலும் அதுகிட்ட வோல்ட்டேஜ் இருக்கு, திருப்பி உள்ள தள்ளும். இதனால என்னென்ன ஆகும்னு பாத்துடலாம், ஏன்னா இத யாரும் சொல்லித்தர்றதில்ல.

ப்ளஸ் மைனஸ் மாத்தி குடுத்துட்டா என்ன ஆகும்? நிறைய சப்ளையில அவுட்புட் டெர்மினலுக்கு குறுக்க ஒரு டயோடு (ஒரு பக்கம் மட்டும் கரண்ட்ட விடற பாகம்) தலைகீழா போட்டிருப்பாங்க, ரிவர்ஸ் வோல்ட்டேஜ்ல இருந்து உள்ள இருக்கற சர்க்யூட்ட காப்பாத்த. பேட்டரிய தலைகீழா மாட்டினா அந்த டயோடு நேரா கண்டக்ட் பண்ணும், அதாவது பேட்டரி அது வழியா ஷார்ட். சப்ளையோட கரண்ட் லிமிட் இங்க ஒண்ணும் செய்யாது, ஏன்னா ஓடுற கரண்ட் பேட்டரியோடது. 7ஏஎச் யுபிஎஸ் பேட்டரியோட இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் நல்லா இருந்தா 20, 25 மில்லி ஓம்தான் இருக்கும், கணக்கு போட்டா ஷார்ட்டுல சில நூறு ஆம்ப் வரும். டயோடு போகும், பிசிபி ட்ராக் போகும், வயர் உருகும். சப்ளை ஆஃப்ல இருந்தாலும் இதேதான்.

இன்னொண்ணு, சில சப்ளையில ஓவர் வோல்ட்டேஜ் ப்ரொடெக்ஷனுக்கு க்ரோபார் இருக்கும், பழைய லேப் சப்ளையில இது சகஜம். வோல்ட்டேஜ் எல்லை தாண்டினா ஒரு எஸ்சிஆர், அதாவது சுவிட்ச் மாதிரி வேலை செய்யற பாகம், ஆன் ஆகி அவுட்புட்ட அப்படியே ஷார்ட் பண்ணிடும். சாதாரண லோடுக்கு அது நல்ல பாதுகாப்பு. பேட்டரி மாட்டியிருந்தா அந்த எஸ்சிஆர் பேட்டரிய ஷார்ட் பண்ணுது, கரண்ட் நிக்கற வரைக்கும் ஆஃப் ஆகாது. உங்க சப்ளை மேனுவல்ல க்ரோபார்னு இருந்தா ஃப்யூஸ் இல்லாம, டயோடு இல்லாம பேட்டரி பக்கமே கொண்டு போகாதீங்க.

மூணாவது பவர் கட். சார்ஜ் ஓடிட்டு இருக்கறப்ப பவர் போனா பேட்டரி உள்பக்கமா சப்ளைக்கு சாப்பாடு போட ஆரம்பிக்கும். சில சப்ளையில சில மில்லி ஆம்ப்தான், சிலதுல டிஸ்ப்ளேவே பேட்டரியில எரியும். பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜ்ஜ இறக்கிக் கொடுக்கற போர்டு) மாடலா வர்ற சப்ளையில கேக்கவே வேணாம், மேல சுவிட்ச்சா இருக்கற மாஸ்ஃபெட்டுக்குள்ளயே இருக்கற பாடி டயோடு வழியா அவுட்புட் வோல்ட்டேஜ் அப்படியே இன்புட்டுக்கு போயிடும். யுபிஎஸ் பேட்டரி தாங்கும், ஒத்த 18650 ஒரு ராத்திரி இப்படி கெடந்தா 2 வோல்ட்டுக்கு கீழ போயிட வாய்ப்பிருக்கு. திரும்ப பவர் வர்றப்ப வேற ஆபத்து: சில சப்ளை போட்ட செட்டிங்க மறந்துடும், சிலது அவுட்புட் ஆன்லயே எழுந்திரிக்கும், சிலது ஆன் ஆகற ஒரு நொடியில வோல்ட்டேஜ் மேல துள்ளி அப்புறம் இறங்கும். உங்களோடது எந்த ஜாதின்னு தெரிஞ்சுக்க பேட்டரி இல்லாம மல்டிமீட்டர் மட்டும் மாட்டி சுவிட்ச்ச ரெண்டு மூணு வாட்டி போட்டு எடுத்து பாருங்க, மல்டிமீட்டர்ல மேக்ஸ் ஹோல்டு இருந்தா இன்னும் நல்லது, ரொம்ப சின்ன துள்ளல் அதுலயும் தெரியாம போகலாம், ஆனா பெரிய தப்பு இருந்தா காட்டிக்கொடுத்துடும்.

இதுல பெரும்பாலானதுக்கு வைத்தியம் ரெண்டே பொருள்தான், ரெண்டும் விலை கம்மிதான். ஒண்ணு ஃப்யூஸ், வண்டியில வர்ற பிளேடு ஃப்யூஸ் 5 ஆம்ப் போதும், அத ஹோல்டரோட பேட்டரி ப்ளஸ்ல இருந்து நாலு விரக்கடைக்குள்ள போடுங்க. சப்ளை பக்கம் போட்டா நடுவுல இருக்கற வயர் ஷார்ட் ஆனா ஃப்யூஸுக்கு தெரியாது. ரெண்டாவது ஷாட்கி டயோடு, 1என்5822 மாதிரி 3 ஆம்ப் டயோடு, ப்ளஸ் லைன்ல சீரிஸா, அதாவது கரண்ட் அது வழியாவே போற மாதிரி. கரண்ட் பேட்டரிக்கு போகும், திரும்பி வராது. தலைகீழா மாட்டினப்ப பேட்டரியும் சப்ளை டயோடும் சேந்து போடுற ஷார்ட்ட மட்டும் இது தடுக்காது, அது ஃப்யூஸ் வேலை, அதனாலதான் ரெண்டும் வேணும்ங்கிறேன். ரைடன் ஆர்டி6006 மாதிரி சில மாடல்ல பேட்டரிக்குன்னே தனியா பச்சை டெர்மினல் வச்சு ரிவர்ஸ் பாதுகாப்பு உள்ளயே கொடுத்திருக்காங்க, அது இருந்தா அதையே யூஸ் பண்ணுங்க.

டயோடு போட்டா ஒரு சிக்கல் வரும், இத நிறைய பேர் தப்பா சரி பண்றாங்க. டயோடுல வோல்ட்டேஜ் ட்ராப் ஆகும், ஆனா அது ஒரே அளவு கிடையாது, 2 ஆம்ப் ஓடுறப்ப 0.4, 0.45 வோல்ட் இருக்கும், 50 மில்லி ஆம்புக்கு வந்துட்டா 0.2 பக்கம் இறங்கிடும். சரி 0.45 ட்ராப் ஆகுதேன்னு 4.2 வேண்டிய செல்லுக்கு சப்ளையில 4.65 வச்சா, ஆரம்பத்துல செல்லுக்கு 4.2 போகும், சார்ஜ் முடியற நேரத்துல கரண்ட் குறைஞ்சு ட்ராப்பும் குறைஞ்சு செல்லுக்கு 4.4க்கு மேல போயிடும். லித்தியம் செல்லுக்கு அது நேரா ஆபத்து. லெட் ஆசிட்ல இந்த அளவு தப்பு பொறுத்துக்கும், லித்தியத்துல கிடையாது. அதனால லித்தியத்துக்கு டயோடு போட்டா 4.2 வோல்ட்டையே வச்சு விட்டுடுங்க, செல் 4.0 பக்கம் வந்து நிக்கும், முக்கால்வாசி சார்ஜ் ஏறியிருக்கும், எவ்வளவு நேரம் மறந்து விட்டாலும் 4.2ஐ தாண்டாது. செல்லுக்கும் ஆயுசு கூடும். முழுசா ஏத்தித்தான் ஆகணும்னா டயோடு இல்லாம ஃப்யூஸோட மாட்டி, பக்கத்துலயே உக்காந்து முடிஞ்சதும் கழட்டுங்க.

வயர்ல ஆகற ட்ராப் இதே மாதிரி பயப்பட வேண்டிய விஷயம் இல்ல. சப்ளை கூட கொடுக்கற மெல்லிசு க்ரோக்கடைல் கிளிப் வயர் 0.1, 0.2 ஓம் இருக்கும், 2 ஆம்ப்ல கால் வோல்ட் போயிடும், ஆனா நீங்க அதுக்காக வோல்ட்டேஜ்ஜ ஏத்தி வைக்காத வரைக்கும் நஷ்டம் நேரம் மட்டும்தான்.

இப்ப மாட்டற முறை. பேட்டரி மாட்டாம முதல்ல வோல்ட்டேஜ் வைங்க, சப்ளை டிஸ்ப்ளேய நம்பாம மல்டிமீட்டர்ல பாருங்க, ஏன்னா ஒரு டெசிமல் மட்டும் காட்டுற டிஸ்ப்ளேல 4.2ன்னு இருந்தா நிஜம் 4.15ஆவும் இருக்கலாம் 4.25ஆவும் இருக்கலாம், லித்தியத்துக்கு சொல்ற டாலரன்ஸே 0.05 வோல்ட்தான். அப்புறம் கரண்ட் லிமிட், டிஜிட்டல் மாடல்னா பட்டன்ல வச்சுடலாம், குமிழ் மாடல்னா வோல்ட்டேஜ்ஜ கம்மி பண்ணிட்டு ரெண்டு வயரையும் ஒண்ணா சேத்து ஷார்ட் பண்ணி, எவ்வளவு ஆம்ப் வேணுமோ அதுக்கு திருப்பி வச்சுட்டு, மறுபடி வோல்ட்டேஜ் சரியா இருக்கான்னு பாருங்க. அவுட்புட் பட்டன் இருந்தா ஆஃப் பண்ணிட்டு பேட்டரிய மாட்டி அப்புறம் ஆன் பண்ணுங்க, கழட்டறப்பவும் முதல்ல ஆஃப். இந்த வரிசை ஏன் முக்கியம்னா சப்ளை அவுட்புட்ல பெரிய கெபாசிட்டர் ஒண்ணு உக்காந்திருக்கு, அது கரண்ட் லிமிட்டுக்கு வெளிய இருக்கு, சப்ளை 25 வோல்ட்ல இருக்கறப்ப செல்ல தொட வச்சா அந்த கெபாசிட்டர் முழுசா செல்லுக்குள்ள கொட்டும், லிமிட் 0.5 ஆம்ப்ல இருந்தாலும் சரி. அப்புறம் குமிழ லாக் பண்ற பட்டன் இருந்தா மறக்காம போடுங்க. 30 வோல்ட் சப்ளையில குமிழ் மேல சட்டை கை பட்டாலே 4.2ங்கிறது 7 ஆயிடும்.

யுபிஎஸ் பேட்டரிக்கு வருவோம். பேட்டரி மேலயே எழுதியிருக்கும், பெரும்பாலும் சைக்கிள் யூஸ் (ஏத்தி இறக்கி யூஸ் பண்றது) 14.4ல இருந்து 15.0, ஸ்டாண்ட்பை யூஸ் (எப்பவும் சார்ஜ்லயே கெடக்கறது) 13.5ல இருந்து 13.8, இனிஷியல் கரண்ட் 2.1 ஆம்புக்குள்ளன்னு இருக்கும், அதான் வேதவாக்கு. நான் 7ஏஎச்சுக்கு 1 ஆம்ப் வைக்கச் சொல்வேன், 14.4 வோல்ட். அந்த அளவெல்லாம் 25 டிகிரிக்கு சொன்னது. நம்ம ஊர் மே மாசத்துல அறைக்குள்ளயே 38, 40 டிகிரி இருக்கும், ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு 20 மில்லி வோல்ட் சுமார் குறைக்கணும், சைக்கிள் சார்ஜுக்கு 30 வரைக்கும். 15 டிகிரி கூடன்னா 0.3 வோல்ட்ல இருந்து 0.45 வோல்ட் வரைக்கும் கம்மி, 14.4க்கு பதிலா 14.0, 14.1. யுபிஎஸ் உள்ள சூட்டுல வருஷக்கணக்கா 13.8ல கெடந்து பேட்டரி உப்பி போறதுக்கு இந்த கணக்கும் ஒரு காரணம்.

ஆன் பண்ணதும் சிவப்பு லைட், சிசி, அதாவது 1 ஆம்ப் கட்டி ஓடுது, வோல்ட்டேஜ் மெதுவா ஏறும். 14.4 தொட்டதும் பச்சை லைட், சிவி, அதாவது வோல்ட்டேஜ் அதுலயே நிக்கும், அங்கருந்து கரண்ட் குறைஞ்சுகிட்டே வரும். 100 மில்லி ஆம்ப் பக்கம் வந்துட்டா சார்ஜ் முடிஞ்சது, கழட்டுங்க இல்ல 13.6க்கு இறக்குங்க. எடுத்ததுக்கு மேல பத்து பதினஞ்சு சதவீதம் கூட போடணும், 7ஏஎச் காலின்னா 8 ஏஎச் சுமார் உள்ள போகும். இங்கதான் அந்த மூணாவது வேலை வருது: 9 ஏஎச் உள்ள போயாச்சு, கரண்ட் இன்னும் குறையல, பேட்டரி கைக்கு சூடா இருக்குன்னா உடனே நிறுத்துங்க. ஆறு செல்லுல ஒண்ணு ஷார்ட் ஆயிருக்கும். அஞ்சு செல்லுக்கு 14.4 கொடுத்தா அது ஒருநாளும் முடியாது, சூடாகும், சூடானா இன்னும் கரண்ட் இழுக்கும், அப்படியே போய் உப்பிடும். சார்ஜ் முடிச்சு சில மணி நேரம் வச்சுட்டு பாருங்க, 12.8 பக்கம் இருந்தா ஓகே, 10.5 பக்கம் வந்து உக்காந்தா ஒரு செல் போச்சுன்னு அர்த்தம், சல்ஃபேட்ட கரைக்கிறேன்னு சொல்ற எந்த டெசல்ஃபேஷன் மந்திரமும் அதுக்கு பலிக்காது, எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு புதுசு வாங்குங்க.

கேஸ் பத்தியும் சொல்லணும். சீல்டு பேட்டரியும் ஓவர் சார்ஜ் ஆனா வால்வு வழியா ஹைட்ரஜன் விடும், காத்துல 4 சதவீதம் சேந்தாலே பத்திக்கும். மூடின டப்பாவுக்குள்ள, பீரோவுக்குள்ள வச்சு சார்ஜ் பண்ணாதீங்க. வீட்டு இன்வெர்ட்டருக்கு வர்ற 150ஏஎச் ட்யூபுலர் பேட்டரிய இந்த சப்ளையில சார்ஜ் பண்ண நினைச்சா 10 ஆம்ப் கொடுத்தாலும் பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும் (மேல சொன்ன 5 ஆம்ப் ஃப்யூஸும் 3 ஆம்ப் டயோடும் அந்த கரண்ட்டுக்கு பத்தாது), ஃபுல் ஆகற நேரத்துல நிறைய கேஸ் வரும், ஜன்னல் திறந்திருக்கணும், பொறி பறக்கற கடைசி கனெக்ஷன் பேட்டரி தலை மேல இல்லாம தள்ளி இருக்கணும்.

18650க்கு வருவோம். பழைய லேப்டாப் செல்லுன்னா முதல்ல வோல்ட்டேஜ் பாருங்க. 3 வோல்ட்டுக்கு மேல இருந்தா நிம்மதி. 2.5க்கும் 3க்கும் நடுவுலன்னா 0.1சி, அதாவது 2200 எம்ஏஎச் செல்லுக்கு 0.2 ஆம்ப் மட்டும் வச்சு 3 வோல்ட் வர்ற வரைக்கும் ஏத்துங்க, அப்புறம் நார்மல். 2 வோல்ட்டுக்கு கீழ ரொம்ப நாள் கெடந்த செல்ல எடுக்கவே எடுக்காதீங்க. அவ்வளவு கீழ போனா நெகட்டிவ் பக்கம் இருக்கற காப்பர் ஃபாயில் கரைய ஆரம்பிக்கும், திரும்ப சார்ஜ் பண்றப்ப அந்த காப்பர் கண்ட இடத்துல படிஞ்சு உள்ளுக்குள்ள ஷார்ட் போடும், அது இன்னைக்கே நடக்கணும்னு இல்ல, நீங்க அத ஒரு டார்ச்சுல போட்டு பசங்க கையில கொடுத்த பிறகும் நடக்கலாம். செல்லு விலை நூறு இருநூறு ரூபாய். யூட்யூப்ல செத்த செல்ல 12 வோல்ட் காட்டி எழுப்புறாங்களே, அது எனக்கு பாக்கவே கோவம் வருது, செய்யாதீங்க.

நல்ல செல் ஒண்ணு எப்படி ஏறும்னு சொல்றேன், அப்பதான் ஏறாதது கண்ணுக்கு படும். டயோடு இல்லாம ஃப்யூஸோட மாட்டினது, செல் 3.40ல இருக்கு, சப்ளை 4.20, லிமிட் 1.00 ஆம்ப். ஹோல்டர்ல போட்டு ஆன் பண்ணதும் சப்ளை டிஸ்ப்ளே 3.7 காட்டும், செல்லோட ரெண்டு முனையில நேரா மல்டிமீட்டர் வச்சா 3.55தான் இருக்கும், மீதி 0.15 வயர்லயும் ஹோல்டர் ஸ்பிரிங்லயும் போகுது. ஸ்பிரிங் தொட்டு பாருங்க, லேசா வெதுவெதுன்னு இருக்கும், 2 ஆம்ப் போட்டீங்கன்னா அந்த சீப் ஹோல்டர் ப்ளாஸ்டிக்கே இளகலாம். சுமார் ஒண்ணரை மணி, ரெண்டு மணி நேரத்துல சப்ளை 4.20 தொட்டு பச்சை லைட்டுக்கு வரும், அப்ப செல்லுல இன்னும் 4.05தான். இங்கருந்து கரண்ட் 0.9, 0.7, 0.4ன்னு சரியும், வயர் ட்ராப்பும் கூடவே சுருங்கும், செல் வோல்ட்டேஜ் மேல வரும். 0.10க்கு வந்தப்ப செல்லுல 4.18, 4.19. அவ்வளவுதான், ஆஃப் பண்ணி கழட்டுங்க. இதுக்கு மேல விட்டு வைக்கறதுல லாபம் ஒண்ணுமில்ல, லித்தியத்துக்கு ஃப்ளோட் சார்ஜ்னு, அதாவது ஃபுல் ஆன பிறகும் சார்ஜ்லயே விட்டு வைக்கறதுன்னு, ஒண்ணு கிடையாது. செல் இந்த நேரம் முழுக்க கைக்கு லேசான சூட்டுக்கு மேல போகக்கூடாது, 45 டிகிரி தாண்டுற மாதிரி தெரிஞ்சா நிறுத்திடுங்க. பாதி வழியில வோல்ட்டேஜ் ஏறாம ஒரே இடத்துல நின்னு செல் சூடாகுதுன்னா அதுவும் குப்பை. சார்ஜ் ஆன செல்ல ஒரு வாரம் சும்மா வச்சு பாருங்க, நல்லது 4.15 பக்கமே நிக்கும், 4.0க்கு கீழ இறங்கினது உள்ள கசியுது.

ஒரு சின்ன எச்சரிக்கை, 18650ல நெகட்டிவ் முனைங்கிறது அடிப்பக்கம் மட்டும் இல்ல, சுத்தி இருக்கற டின் முழுக்க நெகட்டிவ். ப்ளஸ் பொத்தானுக்கும் டின் விளிம்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு ரிங்கும் மேல பிளாஸ்டிக் உறையும்தான் இருக்கு. க்ரோக்கடைல் கிளிப்ப ப்ளஸ்ல கடிக்க விட்டா பல்லு உறைய கிழிச்சு டின்ன தொட்டுடும். ஹோல்டர் இல்லாம செய்யாதீங்க. அப்புறம் 9900 எம்ஏஎச்னு எழுதின செல் கையில இருந்தா அந்த நம்பர வச்சு கரண்ட் கணக்கு போடாதீங்க, அந்த சைஸ்ல நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான் வரும், இதெல்லாம் உள்ள ஆயிரம் இருந்தா பெரிசு.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்னா செல்லுக்கு 3.65 வோல்ட், மேல சொன்ன 4.2 கொடுத்தீங்கன்னா ஓவர் சார்ஜ், அதனால உறையில என்ன கெமிஸ்ட்ரின்னு பாத்துட்டு தொடுங்க. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பென்சில் செல்லுக்கு இந்த சிவி முறையே வேலைக்கு ஆகாது, அது ஃபுல் ஆனதும் வோல்ட்டேஜ் ஏறாம லேசா இறங்கும், வோல்ட்டேஜ்ஜ புடிச்சு வச்சீங்கன்னா கரண்ட் ஏறிகிட்டே போகும். கெபாசிட்டில பத்துல ஒரு பங்கு கரண்ட் வச்சு 14, 15 மணி நேரம், அதுக்கு ஒரு டைமர், அவ்வளவுதான்.

சீரிஸ் பேக்குக்கு வந்தா நான் ரொம்ப கறாரா சொல்வேன். மூணு செல்ல சீரிஸா, ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா போட்டு 12.6 வோல்ட் கொடுத்தா சப்ளைக்கு கூட்டுத்தொகை மட்டும்தான் தெரியும். ஒண்ணு 4.35, ஒண்ணு 4.12, ஒண்ணு 4.13, கூட்டினா சரியா 12.60, டிஸ்ப்ளே அழகா இருக்கும், ஒரு செல் ஓவர் சார்ஜ்ல வேகுது. பிஎம்எஸ் (ஒவ்வொரு செல்லையும் கவனிச்சு எல்லை தாண்டினா வெட்டற போர்டு) இல்லாம, செல் ஒவ்வொண்ணையும் தனியா அளக்காம சீரிஸ் பேக்க சப்ளையில மாட்டவே மாட்டாதீங்க. பிஎம்எஸ் இருந்தாலும் அது கடைசி கதவு, அது 4.25, 4.28ல வெட்டும், அத தினமும் நிறுத்தற சுவிட்சா வச்சுக்கக் கூடாது.

இப்ப டிஸ்சார்ஜ். உங்க சப்ளை கரண்ட்ட வெளிய தள்ள மட்டும்தான் தெரிஞ்சது, உள்ள இழுக்க தெரியாது. 11 வோல்ட்ல வச்சு 12.6 வோல்ட் பேட்டரிய மாட்டினா பேட்டரி 11க்கு இறங்கிடும்னு நினைக்கிறது தப்பு, உள்ள இருக்கற ரெகுலேட்டர் தன் ட்ரான்சிஸ்டர முழுசா மூடிட்டு சும்மா நிக்கும், கொஞ்சம் மில்லி ஆம்ப் ஏதோ ரெசிஸ்டர் வழியா போகும், அதுக்கு மேல இல்ல. ரெண்டு பக்கமும் வேலை செய்யற இன்ஸ்ட்ருமென்ட் இருக்கு, கீத்லி 2400 மாதிரி, அது லேப் பட்ஜெட், அதுவும் 20 வாட் சுமார்தான். நமக்கு எலக்ட்ரானிக் லோடு, அதாவது பேட்டரியில இருந்து நாம வச்ச கரண்ட்ட இழுக்கற பெட்டி போதும், 150 வாட் டிசி லோடு பாக்ஸ்ல கட்-ஆஃப் வோல்ட்டேஜ் வச்சு விட்டா தானா நிறுத்தி எத்தனை ஏஎச் வந்ததுன்னு காட்டும். சப்ளைக்கு அடுத்தபடியா காசு போட வேண்டியது இதுக்குத்தான்.

அது இல்லன்னா பல்பு. வண்டி இண்டிகேட்டர் பல்பு 12 வோல்ட் 21 வாட், 1.75 ஆம்ப் இழுக்கும், புது 7ஏஎச் பேட்டரி அத மூணு மணி நேரம் சுமார் எரிக்கும். 7 வகுத்தல் 1.75, நாலு மணி நேரம் வரணுமேன்னு சந்தேகப்படாதீங்க, 7ஏஎச்ங்கிறது 20 மணி நேரத்துல எடுத்தா, அதாவது 350 மில்லி ஆம்ப்ல எடுத்தா வர்ற கணக்கு, வேகமா எடுத்தா கம்மியாதான் வரும். உங்க பேட்டரி இந்த பல்ப ஒண்ணரை மணி நேரம்தான் எரிச்சதுன்னா பாதி செத்துடுச்சு. கட்-ஆஃப் 10.5 வோல்ட், அதுவும் பல்பு எரிஞ்சிட்டு இருக்கறப்ப பேட்டரி டெர்மினல்ல பாத்தது. 10.5ல பல்ப கழட்டினதும் வோல்ட்டேஜ் 11.5க்கு மேல எழுந்திரிக்கும், ஆஹா இன்னும் இருக்குன்னு மறுபடி மாட்டாதீங்க, அது வெறும் மேல்பூச்சு. டிஸ்சார்ஜ் ஆன லெட் ஆசிட்ட அப்படியே போட்டு வைக்கவும் கூடாது, சல்ஃபேட் கெட்டியாகிடும், அன்னைக்கே திரும்ப சார்ஜ்ல போடுங்க.

18650க்கு 3.9 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா 1 ஆம்ப் கிட்ட ஓடும், நாலு வாட் சுமார் சூடு, ரெசிஸ்டர் மேல கை வைக்க முடியாது, அத செல்ல விட்டு தள்ளி ஒரு டைல்ஸ் மேல வைங்க. லித்தியத்துக்கு 3.0ல நிறுத்திடுங்க. ரெசிஸ்டருக்கு நிறுத்த தெரியாதுங்கிறதுதான் இங்க பெரிய பிரச்சனை, சப்ளைக்கு என்ன குறையோ அதே குறை. ஃபோன் வந்து அரை மணி நேரம் பேசிட்டு வந்தா செல் 1 வோல்ட்ல இருக்கும், செல் போச்சு. லோ வோல்ட்டேஜ் கட்-ஆஃப் போர்டு, ரிலேயோட வர்றது, நூறு இருநூறு ரூபாய்க்கு கிடைக்குது, அது இல்லாம ரெசிஸ்டர் டிஸ்சார்ஜ் பண்ணாதீங்க.

எடுத்து வைக்கறப்ப ரெண்டு கெமிஸ்ட்ரிக்கும் நேரெதிர் பழக்கம். லெட் ஆசிட்ட ஃபுல்லா ஏத்தி வைக்கணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ டாப்-அப். லித்தியத்த 3.7, 3.8 வோல்ட்ல பாதி சார்ஜோட வைக்கணும், ஃபுல் சார்ஜ்ல சூட்டு அறையில வச்சா சும்மா இருந்தே கிழடாகும்.

கடைசியா நைட்டு விஷயம். யுபிஎஸ் பேட்டரிய 14.4ல விட்டுட்டு தூங்க வேண்டாம். 13.6 வோல்ட் பேட்டரி டெர்மினல்ல வர்ற மாதிரி வச்சு, லிமிட் 1 ஆம்புக்குள்ள, ஃப்யூஸும் டயோடும் போட்டு, காத்தோட்டமான இடத்துல, முன்னாடி ஒரு ஃபுல் சார்ஜ் நீங்க பக்கத்துல இருந்து பாத்து அது ஒழுங்கா முடிஞ்ச பேட்டரியா இருந்தா தாராளமா விடலாம், யுபிஎஸ் உள்ள அது வருஷம் முழுக்க அப்படித்தான் கெடந்தது. லித்தியம், அதுவும் கழட்டி எடுத்த பழைய செல், எந்த ஏற்பாடு செஞ்சிருந்தாலும் ராத்திரி வேண்டாம், வீட்ட பூட்டிட்டு வெளிய போறப்பவும் வேண்டாம். சிமெண்ட் தரை மேல, சுத்தி துணி பேப்பர் இல்லாம வச்சு, நீங்க முழிச்சிருக்கற நேரத்துல பண்ணுங்க. மீறி ஒரு செல் சீறி புகை விட ஆரம்பிச்சா அந்த புகைய மூச்சுல இழுக்காதீங்க, அதுல ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், ஆளுங்கள வெளிய அனுப்பிட்டு, மெயின்ஸ ஆஃப் பண்ணிட்டு, தள்ளி நின்னு நிறைய தண்ணி ஊத்துங்க, செல் ஆறினாதான் பக்கத்து செல்லுக்கு பரவாது, ஒரு டம்ளர் தண்ணி பத்தாது, பக்கெட் கணக்குல வேணும், அத சார்ஜ் போடறதுக்கு முன்னாடியே ரொப்பி பக்கத்துல வச்சுக்கோங்க.